குடிலில் சிலுவையைக் கண்டவர்: அசிசி நகர் புனித பிரான்சிஸ்



திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் நம் ஆலயங்களிலும் இல்லங்களிலும் குடில் வேலை தொடங்கிவிடுகிறது. வைக்கோல் தேடுகிறோம். பரணில் கட்டிவைத்த சுரூபங்களை இறக்கித் துடைக்கிறோம். பிள்ளைகள் தட்டில் தானியம் தூவி முளைக்க வைக்கிறார்கள். வாசலில் நட்சத்திரம் ஏறுகிறது. இந்த மகிழ்ச்சியின் நடுவே மறையுரையில் சிலுவை என்ற சொல் வந்துவிட்டால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது. நல்ல நாளும் அதுவுமாகப் பாடுகளைப் பற்றிப் பேச வேண்டுமா, அதற்குத்தான் தவக்காலம் இருக்கிறதே என்று கேட்கிறார்கள். இக்கேள்வியை நாம் ஒதுக்கிவிடலாகாது. இதற்கு விடை தேடித் தொலைவில் போகவும் வேண்டாம். நாம் ஆண்டுதோறும் கட்டும் குடிலோடு யாருடைய பெயர் இணைந்திருக்கிறதோ, அந்தப் புனித பிரான்சிசின் வாழ்வையே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

அவரைப் பற்றி இரண்டு செய்திகளை நாம் அனைவரும் சிறுவயது முதலே அறிவோம். கிரேச்சோ என்ற ஊரில் கிறிஸ்து பிறப்பு இரவில் அவர் குடில் அமைத்தார். லா வெர்னா மலையில் ஆண்டவரின் ஐந்து திருக்காயங்களையும் தம் உடலில் பெற்றார். இவ்விரண்டையும் தனித்தனியாக நினைத்தே பழகிவிட்டோம். ஆனால் முதலாவது நிகழ்ந்தது 1223-ஆம் ஆண்டு டிசம்பரில்; இரண்டாவது நிகழ்ந்தது 1224-ஆம் ஆண்டு செப்டம்பரில். இடையில் ஒன்பது மாதம்கூட நிறைவடையவில்லை. தீவனத் தொட்டியின் முன் மகிழ்ச்சியால் நிறைந்து நின்ற அதே மனிதர்தான், அடுத்த கிறிஸ்து பிறப்பு விழா வருவதற்குள் சிலுவையின் காயங்களைச் சுமந்தார். அவர் பார்வையில் இவை இரண்டும் ஒரே அன்பின் இரண்டு முகங்கள்.

சிலுவையிலிருந்து தொடங்கிய வாழ்வு

பிரான்சிஸ் இத்தாலி நாட்டின் அசிசி நகரில் 1181 அல்லது 1182-ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தை பியெத்ரோ பெர்னார்தோனே செல்வம் மிக்க துணி வணிகர். தாய் பீக்கா அம்மையார். திருமுழுக்கில் இடப்பட்ட பெயர் யோவான். வணிகத்திற்காகப் பிரான்சு நாடு சென்று திரும்பிய தந்தை மகனைப் பிரான்செஸ்கோ என்று அழைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நல்ல உடை, நண்பர் கூட்டம், விருந்து, பாட்டு என்று இளமை கழிந்தது. படைவீரராகப் புகழ் பெற வேண்டும் என்பதே அவரது கனவாக இருந்தது. 1202-இல் அசிசிக்கும் பெருஜியா நகருக்கும் நடந்த போரில் பிடிபட்டு, ஏறத்தாழ ஓராண்டு சிறையில் கிடந்தார். விடுதலை பெற்று வந்தபின் நோயில் விழுந்தார். உடல் தேறியதும் மீண்டும் போருக்குப் புறப்பட்டார். ஆனால் ஸ்பொலேத்தோ நகரில் ஆண்டவர் அவரைத் தடுத்துத் திருப்பி அனுப்பினார்.

திரும்பி வந்தவரின் வழியில் தொழுநோயாளர் ஒருவர் எதிர்ப்பட்டார். தொழுநோயாளரைக் கண்டாலே அருவருப்புக் கொண்டு விலகி ஓடியவர் பிரான்சிஸ். அன்று அவர் குதிரையிலிருந்து இறங்கி, அந்த நோயாளருக்குக் காசு கொடுத்து, அவரது கையை முத்தமிட்டார். தமக்கு அதுவரை கசப்பாக இருந்ததை இறைவன் இனிமையாக மாற்றினார் என்று தம் இறுதி நாள்களில் எழுதிய சாசனத்தில் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

அசிசி நகருக்கு வெளியே புனித தமியானோ ஆலயம் பாழடைந்து கிடந்தது. அதனுள் மரப்பலகையில் வண்ணத்தால் தீட்டப்பட்ட சிலுவை ஒன்று தொங்கியது. அதில் ஆண்டவர் கண் திறந்தபடி நம்மை நோக்குகிறார். அந்தச் சிலுவையின் முன் செபித்துக்கொண்டிருந்தபோது, இடிந்துவரும் தம் இல்லத்தைச் சீர்படுத்தும்படி ஆண்டவர் பணிப்பதை பிரான்சிஸ் கேட்டார். அன்று முதல் சிலுவையில் அறையுண்டவர் அவரது நெஞ்சைவிட்டு அகலவே இல்லை. ஒருநாள் சாலையில் அவர் உரக்க அழுதுகொண்டு போவதைக் கண்ட ஒருவர் காரணம் கேட்டார். தம் ஆண்டவரின் பாடுகளை நினைத்து அழுவதாகவும், இதற்காக உலகெங்கும் அழுதுகொண்டு செல்லத் தமக்கு வெட்கமில்லை என்றும் அவர் பதில் சொன்னார். அந்தச் சிலுவை இன்றும் அசிசி நகர் புனித கிளாரா பேராலயத்தில் இருக்கிறது.

மகனின் போக்கைக் கண்டு சினம் கொண்ட தந்தை, 1206-இல் அவரை ஆயர் முன் கொண்டுபோய் நிறுத்தினார். பிரான்சிஸ் பணத்தை மட்டுமன்றி உடுத்தியிருந்த உடைகளையும் களைந்து தந்தையிடம் கொடுத்துவிட்டு, இனி விண்ணகத் தந்தையே தமக்குத் தந்தை என்று அறிவித்தார். ஆயர் தம் மேலாடையால் அவரைப் போர்த்தினார். பின்னர் ஒரு பணியாளரின் பழைய அங்கி அவருக்குக் கிடைத்தது. அதன்மேல் தம் கையாலேயே ஒரு சிலுவை வரைந்து அணிந்துகொண்டார். அந்நாள் தொடங்கி அவர் உடுத்திய உடையும் சிலுவை. போட்ட கையொப்பமும் சிலுவை. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கத்தைத் தொடங்கிவைத்த திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட், எசேக்கியேல் இறைவாக்கினர் கூறும் தௌ என்ற எழுத்தைச் சிலுவையின் அடையாளமாக விளக்கினார். பிரான்சிஸ் அந்த அடையாளத்தைத் தம் கடிதங்களில் இட்டுவந்தார். சகோதரர் லியோவுக்கு அவர் எழுதிக் கொடுத்த ஆசியில் இருக்கும் தௌ அடையாளத்தை இன்றும் அசிசியில் காணலாம்.

1219-இல் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த எகிப்து நாட்டிற்கு அவர் சென்றார். அங்கே வீரர்கள் உடையில் சிலுவைக் குறியையும் இடுப்பில் வாளையும் அணிந்திருந்தார்கள். பிரான்சிசோ ஆயுதமின்றி, ஒரு துணைவரோடு எதிரணியின் பாசறைக்குப் போய் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்தார். சுல்தானும் அவரை மரியாதையோடு ஏற்று, பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். சிலுவை அடிப்பதற்கு அல்ல, அன்பு செய்வதற்கே என்பதை அந்தப் பயணம் காட்டியது.

கிரேச்சோவின் அந்த இரவு

கீழ்த்திசையிலிருந்து திரும்பியபோது பிரான்சிஸ் நோயாளியாக இருந்தார். கண்பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. ஒரு சிலரோடு தொடங்கிய சபை ஆயிரக்கணக்கானோராகப் பெருகியிருந்தது. ஏழ்மையை எவ்வளவு தூரம் கடைப்பிடிப்பது என்பதில் சகோதரர்களிடையே கருத்து வேறுபாடும் பெருகியிருந்தது. 1220-இல் அவர் சபைத் தலைமையிலிருந்து விலகினார். 1223 நவம்பர் 29 அன்று திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் சபையின் ஒழுங்குவிதிக்கு ஒப்புதல் அளித்தார். அடுத்த மாதமே கிரேச்சோவில் குடில் அமைந்தது. உடலும் உள்ளமும் களைத்துப்போன ஒருவரிடமிருந்துதான் அந்தக் குடில் நமக்குக் கிடைத்தது என்பதை மறக்கக் கூடாது.

விழாவிற்கு ஏறக்குறைய இரு வாரங்களுக்கு முன், கிரேச்சோவில் வாழ்ந்த யோவான் என்ற நற்பண்புள்ள பெருமகனை அழைத்து, செய்ய வேண்டியவற்றைச் சொன்னார். பெத்லகேமில் பிறந்த குழந்தை பட்ட வசதிக்குறைவுகளைத் தம் கண்ணாலேயே காண விரும்பினார் பிரான்சிஸ். தீவனத் தொட்டியில் எப்படிக் கிடத்தப்பட்டார், மாடும் கழுதையும் அருகே நிற்க வைக்கோல்மேல் எப்படிப் படுத்திருந்தார் என்பதைப் பார்க்க வேண்டும் என்றார். இதைக் கவனியுங்கள். அழகான காட்சி ஒன்றை அவர் கேட்கவில்லை. கடவுளின் மகன் நமக்காக ஏற்ற குளிரையும் இல்லாமையையும் கண்முன் நிறுத்தவே கேட்டார். பாடுகள் கல்வாரியில் தொடங்கவில்லை. இடமில்லை என்று கதவடைக்கப்பட்ட இரவிலேயே தொடங்கிவிட்டன என்று அவர் உணர்ந்திருந்தார்.

அந்த இரவில் சுற்றுப்புறத்து ஆண்களும் பெண்களும் தீவட்டிகளும் மெழுகுதிரிகளும் ஏந்தி வந்தார்கள். காடு முழுவதும் பாடலால் நிறைந்தது. அங்கே தீவனத் தொட்டி இருந்தது, வைக்கோல் இருந்தது, உயிருள்ள மாடும் கழுதையும் நின்றன. மரியா, யோசேப்பு, இடையர் என்று வேடமிட்டு எவரும் நின்றதாகவோ, குழந்தையின் சுரூபம் வைக்கப்பட்டதாகவோ பிரான்சிசின் முதல் வரலாற்றாசிரியர் செலானோ நகர் தோமா குறிப்பிடவில்லை. அப்படியானால் அந்தத் தொட்டியில் குழந்தை இயேசு எங்கே? தீவனத் தொட்டியின் மேல் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. அதுவே விடை. அப்ப இரச வடிவில், நமக்காகக் கையளிக்கப்பட்ட உடலாகவும் சிந்தப்பட்ட இரத்தமாகவும் ஆண்டவரே அங்கே எழுந்தருளினார். திருப்பலி கல்வாரிப் பலியின் நினைவும் உடனிருப்பும் என்பது நம் விசுவாசம். எனவே கிரேச்சோவின் குடிலில் நடுநாயகமாக இருந்தது சிலுவைப் பலிதான். குடிலுக்குள் சிலுவையைப் பிற்காலத்தில் நாம் கொண்டுவந்து சேர்க்கவில்லை. அது அங்கேயே இருந்தது. நாம்தான் சிறிது சிறிதாக அதை வெளியே எடுத்துவிட்டோம்.

திருத்தொண்டராகிய பிரான்சிஸ் அதற்குரிய திருவுடை அணிந்து நற்செய்தியைப் பாடி, மறையுரையும் ஆற்றினார். பெத்லகேம் என்ற சொல்லை ஆட்டுக்குட்டி கத்துவது போன்ற குரலில் அவர் சொன்னார் என்று தோமா எழுதுகிறார். திருப்பலியில் உலகின் பாவம் போக்கும் ஆட்டுக்குட்டியை நோக்கி நாம் மன்றாடுகிறோம் அல்லவா? பெத்லகேமில் பிறந்தவர் அந்த ஆட்டுக்குட்டியே என்பது அக்குரலைக் கேட்ட எளிய மக்களுக்கும் விளங்கியிருக்கும்.

அங்கிருந்த ஒருவர் காட்சி ஒன்று கண்டார். தொட்டியில் ஒரு குழந்தை உயிரற்றதுபோல் கிடந்தது. பிரான்சிஸ் அருகே சென்றதும் அது உறக்கத்திலிருந்து விழித்தது. பலருடைய உள்ளங்களில் மறக்கப்பட்டுக் கிடந்த குழந்தை இயேசு தம் ஊழியர் வழியாக மீண்டும் எழுப்பப்பட்டார் என்று தோமா இதற்குப் பொருள் கூறுகிறார். ஆண்டவர் மனுவுரு எடுத்ததில் வெளிப்பட்ட தாழ்மையும், பாடுகளில் வெளிப்பட்ட அன்பும் பிரான்சிசின் நினைவை முழுவதுமாக ஆட்கொண்டிருந்தன என்ற குறிப்போடுதான் அவர் கிரேச்சோ நிகழ்ச்சியையே தொடங்குகிறார்.

மகிழ்ச்சியைக் குறைத்தாரா?

சிலுவையை இவ்வளவு நேசித்தவர் கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சியைக் குறைத்திருப்பாரோ என்று எண்ண வேண்டாம். எல்லா விழாக்களிலும் மேலான விழா என்று அவர் அதைப் போற்றினார். ஓர் ஆண்டு அப்பெருவிழா வெள்ளிக்கிழமை வருவதால் இறைச்சி உண்ணலாமா என்ற பேச்சு எழுந்தது. குழந்தை நமக்குப் பிறந்த நாளில் சுவர்கள்கூட இறைச்சி உண்ண வேண்டும், அவற்றால் உண்ண இயலாவிட்டால் வெளியேயாவது பூசிவிட வேண்டும் என்று அவர் சொன்னார். அந்நாளில் செல்வர்கள் ஏழைகளுக்கு வயிறார உணவளிக்க வேண்டும். மாடுகளுக்கும் கழுதைகளுக்கும் வழக்கத்தைவிட அதிகத் தீவனம் கொடுக்க வேண்டும். பறவைகளுக்காகச் சாலைகளில் தானியம் தூவப்பட வேண்டும், பேரரசரே இதற்குக் கட்டளையிட வேண்டும் என்றெல்லாம் ஆசைப்பட்டார்.

அதே மனிதர் ஒருநாள் உணவருந்த அமர்ந்திருந்தபோது, கிறிஸ்து பிறந்த நாளில் அன்னை மரியாவுக்கு இருந்த வறுமையை ஒரு சகோதரர் நினைவுபடுத்தினார். பிரான்சிஸ் உடனே பந்தியிலிருந்து எழுந்தார். தேம்பி அழுது, மீதி ரொட்டியை வெறுந்தரையில் அமர்ந்து உண்டார். விருந்தும் கண்ணீரும் அவரிடம் முரண்படவில்லை. தம்மை இவ்வளவு நேசித்தவர் யார் என்று அறிந்ததால் மகிழ்ந்தார். அந்த நேசத்தின் விலை என்ன என்று அறிந்ததால் அழுதார்.

ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கத் திருப்பாடல்களிலிருந்து வரிகளைத் தொகுத்து அவர் ஒரு செபமாலை போன்ற தொகுப்பை உருவாக்கி நாள்தோறும் செபித்துவந்தார். அந்தப் பாடுகளின் செபத்திற்குள்ளேயே கிறிஸ்து பிறப்புக் காலத்திற்கென்று தனிப்பாடல் ஒன்றைச் சேர்த்திருக்கிறார். வழியில் நமக்காகப் பிறந்து, இடமின்றித் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தையைப் போற்றும் அப்பாடல், நம் உடலைக் கையளித்து அவரது சிலுவையைச் சுமக்கும்படி அழைத்து நிறைவு பெறுகிறது. நல்ல நாளில் சிலுவையைப் பற்றிப் பேசலாமா என்ற கேள்விக்கு, குடில் தந்த புனிதரின் பதில் இதுதான்.

லா வெர்னாவும் இறுதி நாள்களும்

1224-இல் விண்ணேற்பு விழா முதல் புனித மிக்கேல் விழா வரை நோன்பிருக்க பிரான்சிஸ் லா வெர்னா மலைக்குச் சென்றார். சகோதரர் லியோ உடனிருந்தார். திருச்சிலுவை மகிமை விழாவை ஒட்டிய நாள் ஒன்றில், ஆறு சிறகுகளுடன் சிலுவையில் அறையுண்ட உருவம் ஒன்றை அவர் கண்டார். அவர் உள்ளத்தில் மகிழ்ச்சியும் துயரும் ஒருசேர எழுந்தன. காட்சி மறைந்தபின் கைகளிலும் கால்களிலும் விலாவிலும் காயங்கள் தோன்றின. அவற்றை அவர் பெருமையாகக் காட்டிக்கொள்ளவில்லை; இயன்றவரை மறைத்தே வாழ்ந்தார். பிரான்சிஸ்கன் சபையார் செப்டம்பர் 17 அன்று இதை விழாவாகக் கொண்டாடுகின்றனர்.

அதன்பின் அவருக்கு நடப்பதே அரிதாயிற்று. கண்நோய்க்காகப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். ஆயினும் 1225-இல், ஒளியைப் பார்க்கவும் இயலாத நிலையில், கதிரவனையும் நிலவையும் தண்ணீரையும் உடன்பிறப்புகளாக அழைத்து இறைவனைப் புகழும் பாடலை அவர் இயற்றினார். 1226 அக்டோபர் 3 மாலை, போர்சியுங்குலா சிற்றாலயத்தருகே, தம்மை வெறுந்தரையில் ஆடையின்றிக் கிடத்தும்படி கேட்டார். இரவலாகக் கொடுக்கப்பட்ட அங்கியைக் கீழ்ப்படிதலோடு ஏற்றார். சகோதரர்களுக்கு அப்பம் பகிர்ந்தளித்தார். யோவான் நற்செய்தியிலிருந்து ஆண்டவரின் இறுதி இரவைப் பற்றிய பகுதியை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இறைவனடி சேர்ந்தார். ஏதுமற்றவராய்ப் பிறந்து, ஏதுமற்றவராய்ச் சிலுவையில் உயிர்நீத்த ஆண்டவரை அவர் இறுதி மூச்சுவரை பின்தொடர்ந்தார். 1228 ஜூலை 16 அன்று திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார்.

நம் குடிலில் யாருக்கு இடம்?

இந்த வாழ்வு நம்மிடம் என்ன கேட்கிறது? நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. அவ்வாண்டு இறப்பு நிகழ்ந்த வீட்டில் நட்சத்திரம் கட்டுவதில்லை, பலகாரம் செய்வதில்லை. தெரு முழுவதும் வெளிச்சமாக இருக்கும்போது அந்த ஒரு வீடு மட்டும் இருண்டிருக்கும். 2004 டிசம்பர் 26 காலையில், பெருவிழாவின் மறுநாளே, ஆழிப்பேரலை நம் கடலோர மக்களின் பிள்ளைகளையும் பெற்றோரையும் வாரிக்கொண்டு போனது. அந்த இல்லங்களில் ஆண்டுதோறும் பாலன் பிறப்போடு நினைவுநாளும் சேர்ந்தே வருகிறது. விளக்கும் கேக்கும் புத்தாடையும் மட்டுமே கிறிஸ்து பிறப்பு என்றால், இவர்களுக்கு அதில் பங்கு ஏது? நோய்ப் படுக்கையில் இருப்பவருக்கும், கடனில் மூழ்கியவருக்கும், பிள்ளைகள் வராத வீட்டில் தனித்திருக்கும் முதியவருக்கும் நாம் என்ன நற்செய்தி சொல்வோம்?

குழந்தையாக வந்தவர் சிலுவைவரை நம்மோடு வந்தவர் என்றால் மட்டுமே அவர்களுக்கும் அது பெருமகிழ்ச்சியூட்டும் செய்தி. நம் துயரத்தின் அடிவரை இறங்கி வந்த கடவுள் பிறந்திருக்கிறார் என்று சொல்ல முடிந்தால், இருண்ட வீட்டிலும் அந்த இரவு திருவிழாதான். திரு அவையின் நாள்காட்டியும் இதையே கற்பிக்கிறது. பிறப்பு விழாவின் மறுநாள் முதல் மறைச்சாட்சி புனித ஸ்தேவானையும், டிசம்பர் 28 அன்று ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளையும் நம்முன் நிறுத்துகிறது.

ஆகவே இவ்வாண்டு குடில் கட்டும்போது மூன்று காரியங்களைச் செய்வோம். குழந்தை இயேசுவின் அருகே சிறு சிலுவை ஒன்றை வைத்து, அது ஏன் அங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். குடிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், முன்னரே ஒப்புரவு அருட்சாதனம் பெற்று, திருப்பலியில் முழுமையாகப் பங்கேற்போம். கிரேச்சோவில் நடந்ததும் அதுவே. விழா நாளில் நட்சத்திரம் ஏறாத ஒரு வீட்டைத் தேடிச் சென்று, அவர்களோடு சற்று நேரம் அமர்ந்து, அவர்கள் இழந்தவரின் பெயரைச் சொல்லிச் செபிப்போம்.

கிரேச்சோ குடிலின் 800-ஆம் ஆண்டு 2023-இலும், திருக்காயங்களின் 800-ஆம் ஆண்டு 2024-இலும் நினைவுகூரப்பட்டன. தீவனத் தொட்டியையும் சிலுவையையும் ஒரே நெஞ்சில் ஏந்திய புனித பிரான்சிஸ் நமக்காகப் பரிந்து பேசுவாராக. நம் உள்ளங்களில் உறங்கிக் கிடக்கும் பாலன் இயேசு விழித்தெழுவாராக. அனைவருக்கும், சிறப்பாகத் துயருறும் இல்லங்களுக்கு, கிறிஸ்து பிறப்பின் அருளும் அமைதியும் கிடைப்பதாக. ஆமென்.